புரோகிராமைத் துண்டு போட்ட மழைக்காலம்

"பாப்பா, உங்க ஆபீஸ் கம்ப்யூட்டருக்குக் கண்ணு தெரியாதா?" என்று அண்ணி கேட்டாள். கேட்டது என்னை. தோட்டத்து ஆபீசில் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்த நாளிலிருந்து, அது செய்கிற நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் லயத்தில் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஏதோ நானே அதைப் பெற்று வளர்த்துக் கட்டிக்கொடுத்தது போல் பேசுவார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மலேசியாவில், மந்தின் ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், அண்ணன், அண்ணி, அவர்களுடைய கைக்குழந்தை, நான் என்று நாலு பேர் இருந்தோம். அண்ணன் போர்டிக்சனில் எண்ணெய் லாரி ஓட்டினான். நான் சிரம்பானில், பல தோட்டங்களின் நிர்வாகத்தைக் கவனித்துக்கொண்ட ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதினேன். அண்ணி மரம் வெட்டினாள். வெட்டுவது என்றால் சாய்ப்பதில்லை, பட்டையைக் கீறிப் பால் எடுப்பது. வீடு அண்ணியின் வேலைக்காகக் கிடைத்தது. தோட்டத்தில் வேலை செய்யாதவர்களுக்கு லயத்தில் இடமில்லை. அண்ணனும் நானும் வெளியே சம்பாதிக்கிறவர்கள், எங்கள் முகத்தைப் பார்த்து யாரும் கூரை கொடுக்கவில்லை.

விடிவதற்கு முன்னால் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பதற்குப் பெரட்டு என்று பெயர். யார் எந்தத் தீம்பாருக்குப் போகவேண்டும், அதாவது ரப்பர் காட்டின் எந்தப் பகுதிக்குப் போகவேண்டும் என்பதை மேற்பார்வையாளரான மண்டோர் அங்கே நின்று சொல்வார். பால் குடிக்கும் பிள்ளை உள்ள பெண்களுக்கு ஆயாக் கொட்டகைக்கு அருகிலிருக்கும் தீம்பாரைக் கொடுப்பது எங்கள் தோட்டத்து வழக்கம். ஆயாக் கொட்டகையில்தான் வேலைக்குப் போகிற தாய்மார்கள் பிள்ளைகளை விடுவார்கள். பக்கத்தில் வேலை என்றால் பத்து மணி வாக்கில் ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு ஓடலாம். ஆனால் அது எங்கும் எழுதிவைத்த வழக்கமில்லை, மண்டோர் மனது வைத்தால் உண்டு. அவருக்கு மனது வருவதற்காகச் சில பெண்கள் அவர் சம்சாரத்துக்கு முருங்கைக்கீரை ஒடித்துக் கொடுத்துவிட்டு வருவார்கள். அண்ணிக்கு அதெல்லாம் சரிப்படாது.

கம்ப்யூட்டர் வந்தபோது அண்ணிக்குத்தான் அதிக சந்தோஷம். வேலை பிரிக்கும் தாளை இனி அதுதான் அச்சடித்துக் கொடுக்கும், மண்டோர் வாசிக்க மட்டும் செய்வார். பிள்ளைக்காரிகளுக்குப் பக்கத்துத் தீம்பார் என்ற வழக்கத்தையும் எங்கள் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி, புரோகிராம் எழுதியவரிடம் மறக்காமல் சொல்லியிருந்தார். சில மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு மழைக்காலம் வந்தது.

மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. விட்டுப்போன தீம்பாரை அடுத்த நாள் முதலில் முடிக்கவேண்டும். அந்த அடுத்த நாளில்தான் கம்ப்யூட்டருக்குப் புத்தி கெட்டது. அண்ணியையும் மற்றப் பிள்ளைக்காரிகளையும் தூக்கிக் கடைசி மலைக்குப் போட்டது. மண்டோரிடம் கேட்டால், "கம்ப்யூட்டர் போட்டிருக்கு, நான் என்னாம்மா செய்ய?" என்று தாளை நீட்டினார். கையால் திருத்தக்கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. அண்ணி மலையிலிருந்து இறங்கி வந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். திரும்பி ஏறுவதற்குள் வெட்டு நேரம் முடிந்துவிட்டது. அவளுக்கு அரைப்பேர் விழுந்தது, அதாவது பாதி நாள்தான் கணக்கு. அரைப்பேர் அடிக்கடி விழுந்தால் ஆளை நிறுத்திவிடுவார்கள். ஆளை நிறுத்தினால் வீட்டைக் காலி செய்யவேண்டும்.

"ராசாவுல வாடகைக்குப் போயிடுவோம்லா," என்றான் அண்ணன். ராசா சிரம்பானை ஒட்டிய ஊர்.

"ராசாவுல புள்ளைய யாரு பாப்பாங்க? ஒங்க லாரி பாக்குமா?" என்றாள் அண்ணி.

புரோகிராமில் எங்கே கோளாறு என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் ஒரு கட்டைப் பிரம்மச்சாரி. லயத்துக் கடைசி வீட்டுக்காரர், நாற்பதைத் தாண்டியவர். ஒருநாள் மழை லேசாகப் பெய்து ஒரே ஒரு தீம்பார் மட்டும் விட்டுப்போயிற்று. மறுநாள் பெரட்டில் அவர் பெயர் ஆயாக் கொட்டகைத் தீம்பாருக்கு வந்துவிட்டது. அவ்வளவுதான், பெரட்டே சிரித்தது. "என்னாண்ணே, புள்ள பொறந்தத எங்ககிட்ட சொல்லவே இல்ல?" என்று பெண்கள் வரிசையாகக் கேட்டிருக்கிறார்கள். மனிதர் மறுநாள் காலை பஸ் நிற்கும் இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஒன் கம்ப்யூட்டரு எனக்குப் புள்ள குடுத்திருச்சு. பொண்டாட்டிய எப்பக் குடுக்கும்னு கேட்டு சொல்லு," என்றார்.

வயிறு வலிக்கச் சிரித்தேன். பஸ் சிரம்பானை நெருங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்குக் கைக்குழந்தை இருப்பதாகப் புரோகிராம் உண்மையிலேயே நம்பியிருக்கிறது. மழை அதிகமானால் பிள்ளைக்காரிக்குப் பிள்ளை இல்லை, மழை குறைவானால் பிரம்மச்சாரிக்குப் பிள்ளை இருக்கிறது. மழைக்கும் பிள்ளைக்கும் அந்த நிரலுக்குள் எங்கேயோ முடிச்சு விழுந்திருந்தது.

எழுதியவர் எங்கள் பிரிவின் தலைவர். ராசாக்காரர், கெட்டிக்காரர், அதை அவரே அடிக்கடி சொல்வார். நினைவகம் கொஞ்சமாக இருந்த பழைய எந்திரங்களில் தொழில் படித்தவர். தோட்டத்தில் ஒரு நாள் எப்படி நடக்கும் என்று கிராணி சொல்லச் சொல்ல, பெரட்டிலிருந்து பொழுது சாய்வது வரை அதே வரிசையில் எழுதிவிட்டார். எல்லாம் ஒரே புரோசீஜர், பிரிவே இல்லாத ஒரே கட்டளைத் தொடர். யாராவது மூச்சு விடாமல் பேசியதை அப்படியே எழுதிவைத்தது போல் இருக்கும். எங்கே ஒரு விஷயம் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்பதற்கு ஓர் அடையாளமும் கிடையாது.

"ஓடிக்கிட்டு இருக்கிறதுல கை வைக்காதம்மா," என்றார் அவர். "எங்க தப்போ அங்க ஒரு வரி சேத்துடு, முடிஞ்சுது."

"எங்க தப்புன்னு தெரியலையே சார்."

"தேடு."

தேடினேன். முழுவதையும் அச்சடித்தேன். அந்த மடிப்புத் தாள் என் மேசையிலிருந்து நடைபாதையில் இறங்கி, தேநீர் போடும் அறையின் வாசல்வரை போயிற்று. செருப்பைக் கழற்றிவிட்டுத் தாளின் பக்கத்தில் தவழ்ந்தபடி வண்ணப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு போனேன். மழை பற்றிய வரிகளுக்கு நீலம், பிள்ளைக்குச் சிவப்பு, சீக்குக்குப் பச்சை. பாதித் தூரம் போவதற்குள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. முடிவுக்கு வரும்போது தொடக்கத்தில் என்ன சொன்னார்கள் என்று மறந்துபோகிறது. திரும்பத் தவழ்ந்து போய்ப் பார்த்தால், இங்கே படித்தது மறந்துபோகிறது. ஒரு திரையில் அடங்காததை என் தலையில் அடக்கிவைக்க நான் சம்பளம் வாங்கவில்லை என்று வாய்விட்டே சொன்னேன். பல வருடம் இந்தத் தொழிலில் இருந்துவிட்டேன், அந்தக் கருத்தை மாற்றிக்கொள்ள எனக்கு இன்னும் ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

நீலமும் சிவப்பும் ஓரிடத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. அங்கே இருந்தது X. மேலே, ஓர் ஆளுக்குக் கைக்குழந்தை இருந்தால் X என்ற பெயரில் ஒன்று என்று குறித்துவைக்கிறது புரோகிராம். இல்லையென்றால் பூஜ்யம். அதற்குப்பின் நாலைந்து பக்கம் வேறு கதை. முதல் நாள் மழை பெய்திருந்தால், எத்தனை தீம்பார் விட்டுப்போயிற்று என்பதையும் அதே X-இல்தான் போட்டுவைக்கிறது. மழை வந்து பிள்ளையை அழித்துவிட்டது. இன்னும் கீழே, தீம்பார் பிரிக்கும் இடத்தில், X ஒன்றா என்று கேட்கிறது. மூன்று தீம்பார் விட்டுப்போயிருந்தால் X மூன்று, அன்றைக்கு யாருக்கும் பிள்ளை கிடையாது. ஒரே தீம்பார் விட்டுப்போயிருந்தால் X ஒன்று, அன்றைக்கு எல்லோருமே பிள்ளைக்காரர்கள். பக்கத்துத் தீம்பாரில் இருக்கிற இடத்தைப் பட்டியலில் முதலில் வருகிற பெயர்களுக்குக் கொடுத்துவிடும். பிரம்மச்சாரியின் பெயர் ஆங்கில 'ஏ'யில் தொடங்கியது.

நடைபாதையில் உட்கார்ந்து நான் சிரித்த சிரிப்புக்குத் தலைவரே அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். காட்டினேன். அவர் முகம் ஒரு நிமிடம் சுருங்கி, பிறகு சரியாயிற்று.

"அந்தக் காலத்துல ஒரு எழுத்து மிச்சம் புடிக்கிறது பெரிய விஷயம்மா. சரி, மழைக்கு Y-னு மாத்திடு. ஒரு நிமிஷ வேலை."

"Y-யும் கீழே வேற ஒண்ணுக்கு இருக்கு சார். Z-உம் இருக்கு. இதை முழுசாத் துண்டு போட்டுத்தான் ஆகணும்."

"நீ படிச்சு முடிக்கிறதுக்கு முன்னாடி நான் எழுதுனது இது."

"படிச்சு முடிக்க முடியலன்னுதான் சார் சொல்றேன்."

அவர் என்னை முறைத்தார். எனக்கு வாய் நீளம் என்று எல்லோரும் சொல்வார்கள், அது பொய்யில்லை. ஆனால் அவருக்குச் சாமர்த்தியமான பேச்சு பிடிக்கும் என்பதும் எனக்குத் தெரியும். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். மழையில்லாத நாட்களுக்குப் பழைய புரோகிராம் என்ன தாள் கொடுக்கிறதோ, புதியதும் அதையே புள்ளி பிசகாமல் கொடுக்கவேண்டும். பிசகினால் பழையது திரும்ப வரும், நான் தட்டச்சுப் பிரிவுக்குப் போவேன். சரி என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

துண்டு போடுவதில் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. ஒரே வண்ணத்தில் இருக்கும் வரிகளை மொத்தமாக எடுத்துத் தனியே வைத்து, அதற்கு ஒரு பெயர் சூட்டி, பழைய இடத்தில் அந்தப் பெயரை மட்டும் விட்டுவிடவேண்டும். உடனே ஓட்டிப் பார்க்கவேண்டும். தாள் மாறவில்லை என்றால் அடுத்த துண்டு. ஒரு துண்டுக்குச் சட்டென்று பெயர் வரவில்லை என்றால் அதற்குள் இரண்டு வேலை இருக்கிறது, இன்னொரு தரம் வெட்டவேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் அதன் சாமான் அதனோடு. மழைத் துண்டின் எண்ணிக்கை மழைத் துண்டுக்குள்ளேயே இருக்கட்டும், பிள்ளை விஷயத்தில் மூக்கை நுழைக்கவேண்டாம். இப்படிப் பிரித்துக்கொண்டு போனபோது எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. கலைந்து கிடந்த அலமாரியை அடுக்குகிற பெண்ணுக்கு வருமே, அந்தக் குஷி.

பெயர்களை ஆங்கில எழுத்தில் தமிழாகவே வைத்தேன். பெரட்டு, மழை, சீக்கு, பிள்ளைக்காரி, தீம்பார். தலைவர் பார்த்துவிட்டு, "இதென்னம்மா, பட்டிக்காட்டுப் பேரா வச்சிருக்க? ஆபீஸ்ல சிரிப்பாங்க," என்றார்.

"தோட்டத்துல சிரிக்க மாட்டாங்க சார். அங்கதான ஓடப்போகுது?"

முதல் பக்கத்தில் இப்போது இந்தப் பெயர்கள் மட்டும்தான் இருந்தன. மேலிருந்து கீழே படித்தால் தோட்டத்து நாள் எப்படிப் பிரிகிறது என்று யாருக்கும் புரிந்துவிடும். மேலும் தெரியவேண்டுமென்றால் அந்தப் பெயருக்குரிய துண்டைத் திறந்து பார்க்கலாம். ஒவ்வொரு துண்டும் ஒரு திரைக்குள் அடங்கியது.

சோதனை நாளன்று பழைய தாளையும் புதிய தாளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சன்னல் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தேன். வெளிச்சத்தில் இரண்டு தாளின் எழுத்துகளும் ஒன்றாகத் தெரிந்தன. மழையில்லாத நாட்கள் ஒவ்வொன்றும் அச்சுப் பிசகாமல் பொருந்தின. மழை நாட்களின் தாளில் சில வரிகள் மட்டும் கலங்கலாக இருந்தன. எல்லாம் பிள்ளைக்காரிகளின் பெயர்கள், அவர்களோடு இடம் மாறியவர்களின் பெயர்கள், அதில் நம் பிரம்மச்சாரியும். அண்ணியின் பெயர் கடைசி மலையிலிருந்து இறங்கி ஆயாக் கொட்டகைத் தீம்பாருக்கு வந்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. தலைவர் பார்த்துவிடக்கூடாதென்று சன்னலுக்கு வெளியே எதையோ பார்ப்பது போல் நின்றேன்.

அவர் முதல் பக்கத்தைக் கையில் எடுத்து, நின்றபடியே ஒருமுறை படித்தார். "இதெல்லாம் நான் எழுதுனதுதானே?" என்றார்.

"நீங்க எழுதுனதுதான் சார். இப்பதான் வெளிய தெரியுது."

அந்த வாரமே அவருடைய காரில் தோட்டத்துக்குப் போனோம். கிராணிக்கு முதல் பக்கத்தைக் கொடுத்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். "அட, நம்ம பேச்சால்ல இருக்கு," என்று அதைக் கம்ப்யூட்டருக்கு மேலே, பெரட்டில் நிற்பவர்களுக்கும் சன்னல் வழியே தெரியும்படி சுவரில் ஒட்டினார். நான் புதிய புரோகிராமை ஏற்றி முடிக்கும் நேரத்தில் துரை உள்ளே வந்தார். தோட்ட மேனேஜரை யாராக இருந்தாலும் துரை என்றுதான் சொல்வோம். இவர் மலாய்க்காரர், வருடக்கணக்காகப் பெரட்டில் நின்று தமிழ் பழகியவர். சுவரில் இருந்ததை ஒவ்வொரு வார்த்தையாக வாசித்துக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"பிள்ளைக்காரி. இது என்னா?"

கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நான்தான் விளக்கினேன். துரை கேட்டுக்கொண்டார்.

"பிரசவ லீவு முடிஞ்சா எல்லாரும் ஒண்ணுதான். கம்பெனி ரூல்ல இப்பிடி இல்ல. யாரு சொல்லிப் போட்டீங்க?"

"வழக்கமா நடக்குறதுதான் துரை," என்றார் கிராணி.

"வழக்கம் வேற, ரூல் வேற. எனக்குத் தெரியாம கம்ப்யூட்டர்ல எப்பிடிப் போகும்?"

என் பக்கத்தில் நின்ற தலைவர் தணிந்த குரலில், "பழசா இருந்திருந்தா இதை யாரும் பாத்திருக்கவே மாட்டாங்க," என்றார். அவர் சொன்னது உண்மை. அத்தனை நீள நிரலுக்குள் அந்த வழக்கம் பத்திரமாக ஒளிந்துகொண்டிருந்தது. நான் வெட்டி எடுத்து, பெயர் வைத்து, வெளிச்சத்தில் நிறுத்திவிட்டேன். துரை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் மழை நாளென்ன, எந்த நாளிலும் அண்ணிக்குக் கடைசி மலைதான். பிறகு அரைப்பேர், பிறகு வீடு. அதை நினைத்ததும் பயம் போய்க் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் பேச்சு சுத்தமாக வரும்.

லயத்தில் பிறந்தவர்கள் அவரைத் துரை என்பார்கள். நான் சார் என்றேன்.

"எடுக்கணும்னா ரொம்ப சுலபம் சார். முன்ன மாதிரி தேட வேணாம், இந்த ஒரு வரிதான்." விசைப்பலகையை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். "நீங்களே அழிச்சிடலாம். ஆனா நாளைக்குப் பெரட்டுல கம்ப்யூட்டர் போட்டிருக்குன்னு மண்டோர் சொல்ல முடியாது. துரை எடுத்துட்டாருன்னுதான் சொல்லணும். சுவத்துலயும் அப்பிடித்தான் தெரியும்."

தலைவர் இருமினார். துரை என்னைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார். இந்தப் பெண் யார் வீட்டுப் பெண் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

"எத்தன பேரு?" என்று கிராணியைக் கேட்டார்.

"இப்ப ஆறு பேரு துரை."

"மலைக்குப் போனா?"

"பத்து மணிக்கு எறங்கிடுவாங்க துரை. புள்ள அழுதா நிக்க மாட்டாங்க. மரம் பாதி வெட்டாம கெடக்கும்."

துரை கையை விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தார். எந்த விசை என்று தேடுகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் அதை என் பக்கமே திருப்பித் தள்ளினார்.

"இருக்கட்டும்லா. யாராச்சும் கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு," என்று கிராணியிடம் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். கிராணி நாற்காலியில் உட்கார்ந்து ஒரு முழுக் கோப்பைத் தண்ணீரைக் குடித்தார். திரும்பி வரும்போது தலைவர் மந்தின் தாண்டும்வரை பாதையையே பார்த்துக் காரை ஓட்டினார். பிறகு, "சம்பளப் புரோகிராமும் இதே மாதிரி நீளம்தாம்மா," என்றார்.

அதற்குப் பிறகு அந்த மழைக்காலத்தில் அண்ணிக்கு அரைப்பேர் விழவில்லை. வீடும் எங்களிடமே இருந்தது. எனக்கு அதுவே போதுமென்றிருந்தது. ஆனால் ஒரு நாள் நான் பஸ் விட்டு இறங்கி வரும்போது அண்ணி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். அன்று காலைப் பெரட்டில் நடந்ததைச் சொல்ல அவளால் நான் உள்ளே வரும்வரை பொறுக்க முடியவில்லை.

கீழ் லயத்து மருமகள் பிள்ளை பெற்று முதல் நாள் வேலைக்கு வந்திருக்கிறாள். வாய் பேசாத பெண், மாமியார் முன்னால்கூட நிமிர்ந்து நிற்கமாட்டாள். அவள் பெயர் கடைசி மலைக்கு வந்திருக்கிறது. அவளுக்குப் பிள்ளை பிறந்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றக் கிராணி மறந்துவிட்டார். மண்டோர், "இன்னிக்கு ஒரு நாளைக்குப் போம்மா," என்றிருக்கிறார். அவள் வரிசையை விட்டு வெளியே வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "கிராணி ஐயா, எம் பேரப் பிள்ளைக்காரியில போட்டீங்களா இல்லையா? செவுத்துல இருக்குல்ல?" என்றாளாம்.

"கிராணி என்ன செஞ்சாரு?" என்று கேட்டேன்.

"ஓடிப்போயிப் போட்டாரு. புதுத் தாளு வர வரைக்கும் பெரட்டே நின்னுச்சு, மண்டோரும் நின்னாரு." அண்ணி பிள்ளையை ஓர் இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள். அவள் கண் கலங்கியிருந்தது. "அந்தப் பொண்ணு கெஞ்சல பாப்பா. கேட்டா."